மேல்தளத்துப் பிரயாணிகள்

கொல்லிமலையின் நாடுகளுள் ஒன்றாகிய தேவனூர் நாட்டில் கடலைப் பற்றி எண்ணுவதற்கு வெளிப்படையான காரணம் யாதும் இல்லை. காரவள்ளி அடிவாரத்தை விட்டு, எழுபது கொண்டையூசி வளைவுகளை ஒவ்வொன்றாகக் கடந்து மேலேறி வருகிறவனுக்கு, மலையின் தலைமீது ஒரு தனி உலகமே விரிந்து கிடப்பது தெரியும். பள்ளங்களில் படிப்படியாக இறங்கும் நெல்வயல்கள், சாமையும் தினையும் கேழ்வரகும் விளையும் சரிவுகள், சில்வர் ஓக் மரங்களைத் தழுவியேறும் மிளகுக் கொடிகள், அம்மரங்களின் நிழலில் காப்பிச் செடிகள், வீட்டுக் கொல்லைகளில் பலா மரங்கள் ஆகியவற்றைக் கண்டு களிக்கிற மனத்துக்கு அலையும் உப்புக்காற்றும் நினைவுக்கு வர நியாயமில்லை. ஆயினும், குளிர்ந்த இடத்தில் அமைதியாக உட்கார்ந்து படிக்கலாம் என்று மாசி மாதத்தில் நான் அங்கே எடுத்துச் சென்றிருந்த புத்தகங்கள், அட்லாண்டிக் மகாசமுத்திரத்தைக் கடந்து சென்ற பிரயாணிக் கப்பல்களின் சரித்திரத்தைச் சொல்பவை. மலையும் கடலும் என் உள்ளத்தில் ஒன்றோடொன்று கலந்தது அவற்றினால்தான்.

அந்தச் சரித்திரம் மெய்யாகவே பெரியது. 1840-ஆம் ஆண்டு ஜூலையில் சாமுவேல் கூனார்டு என்பவரின் ‘பிரிட்டானியா’ என்னும் நீராவிக் கப்பல், தபால் மூட்டைகளையும் பிரயாணிகளையும் ஏற்றிக்கொண்டு லிவர்பூலிலிருந்து அமெரிக்காவுக்குப் புறப்பட்டது முதல், 1952-இல் ‘யுனைட்டெட் ஸ்டேட்ஸ்’ என்ற கப்பல் மூன்று நாள் பத்து மணி நாற்பது நிமிஷத்தில் அச்சமுத்திரத்தைத் தாண்டியது வரையில், ஒரு நூற்றாண்டுக்கு மேலாகத் தேசங்களின் கௌரவமும், பொறிஞர்களின் சாமர்த்தியமும், முதலாளிகளின் பேராசையும் அந்த ஒரு கடற்பாதையில் போட்டியிட்டன. வேகத்துக்கு அடையாளமான நீலப்பட்டையை ‘மாரிடேனியா’ ஏறத்தாழ இருபது ஆண்டுகள் எவருக்கும் விட்டுக்கொடுக்காமல் வைத்திருந்தது. 1912-இல் மூழ்கிய ‘டைட்டானிக்’ கப்பலின் கதையை அறியாதவர் இல்லை. இவற்றைப் பற்றிய நூல்களில் மாடிப்படிகளும், கண்ணாடிக் கூரைகளும், பனைச்செடிகள் வைத்த முற்றங்களும், விருந்து மண்டபங்களும் பக்கம் பக்கமாக வருணிக்கப்படுகின்றன.

நான் தங்கியிருந்த வீட்டுக்கு உரியவர் அந்நாட்டு மலையாளிப் பழங்குடியைச் சேர்ந்த ஒரு முதியவர். அன்று காலையில் அவர் முற்றத்தில் மிளகு காயவைத்துக்கொண்டிருந்தார். கொடியிலிருந்து பறித்த பச்சைச் சரங்களைப் பாயில் பரப்பி, மணிகள் உதிரும்படி வெறுங்காலால் மிதித்து, காம்புகளைக் கையால் அரித்தெடுத்து ஒதுக்கிவிட்டு, மணிகளை மட்டும் வெயிலில் கிளறிவிடுவது அவர் வேலை. முதல் நாள் காய்ந்தவை கபில நிறம் கொண்டிருந்தன. அதற்கு முந்தின நாள் காய்ந்தவை சுருங்கிக் கறுத்திருந்தன. அன்று பறித்தவை பச்சையாகவே இருந்தன. ஒரே பாயில் மூன்று நாளின் நிறங்களையும் கண்டேன். இடையில் இளைப்பாற வந்து திண்ணையில் உட்கார்ந்தவர், என் கையிலிருந்த புத்தகத்தில் நான்கு புகைபோக்கிகளோடு நின்ற கப்பலின் படத்தை வெகுநேரம் உற்றுப் பார்த்தார். பிறகு கேட்டார்:

“ஏனுங்க ஐயா, நம்ம பக்கத்துச் சனங்க அக்கரைச் சீமைக்குப் போனது இந்த மாதிரிக் கப்பல்லதானுங்களா? அடிவாரத்துல எங்க மிளகு எடுக்கிறவரு வீட்டுல ஒரு பாட்டன் பால்மரக் காட்டுக்குக் கப்பலேறிப் போனவருங்க. நாகப்பட்டணத்துல ஏறினாருன்னு சொல்லுவாங்க.”

“இல்லை பெரியவரே, மலாயா ரப்பர்த் தோட்டங்களுக்குப் போனது வேறு கப்பல்” என்றேன்.

“அதைப் பத்தி இதுல எழுதியிருக்குதுங்களா?” என்றார் அவர்.

எழுதியிருக்கவில்லை. என் பையிலிருந்த எந்தப் புத்தகத்திலும் ஒரு வரிகூட இல்லை. அந்தக் கேள்வியின் நியாயம் என்னைச் சும்மா இருக்கவிடவில்லை. மலையிலிருந்து இறங்கி நேரே நாகப்பட்டினத்துக்குப் போவது என்று அப்பொழுதே தீர்மானித்துக்கொண்டேன்.

புறப்படுமுன் அந்தத் திண்ணையிலேயே ஒரு விஷயம் எனக்குத் தெளிவாயிற்று. அட்லாண்டிக் கப்பல்களின் ஐசுவரியத்துக்கு அடித்தளம் எது என்று கேட்டால், மேலே விருந்துண்ட சீமான்கள் அல்லர். அடித்தளங்களில் அடைந்து சென்ற மூன்றாம் வகுப்பு ஜனங்களே ஆவர். அயர்லாந்திலும் இத்தாலியிலும் போலந்திலும் பிழைக்க வழியற்றுப் போனவர்கள், வீட்டையும் மாட்டையும் விற்றுக் கொடுத்த கட்டணத்தில்தான் அந்த மண்டபங்கள் எழுந்தன. 1907 என்னும் ஒரே ஆண்டில் அமெரிக்காவில் குடியேறினவர்கள் பன்னிரண்டு லட்சத்துக்கும் அதிகம். கூனார்டு, ஒயிட் ஸ்டார், ஹாம்பர்க் அமெரிக்கா ஆகிய கம்பெனிகள் ஒன்றையொன்று கழுத்தறுத்துக்கொண்டு பிடிக்க முயன்றது இந்த ஜனங்களைத்தான். நம் கடலில் இதே வாணிகத்தை நடத்தியது பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனி. வில்லியம் மக்கின்னன் என்ற ஸ்காட்லாந்து வியாபாரி 1856-இல் கல்கத்தாவுக்கும் ரங்கூனுக்கும் இடையே தபால் கொண்டுபோகும் ஒப்பந்தத்தோடு தொடங்கிய அந்த ஸ்தாபனம், கூனார்டு கம்பெனியைப் போலவே தபால் மானியத்தில் பிறந்து, ஏழைகளின் கட்டணத்தில் வளர்ந்தது. 1914-இல் பி. அண்ட் ஓ. கம்பெனியுடன் இணைந்த பிறகு, ஒரு காலத்தில் நூற்றைம்பதுக்கு மேற்பட்ட கப்பல்கள் அதன் கொடியின்கீழ் ஓடின. சென்னையில் அதன் ஏஜெண்டுகள் பின்னி கம்பெனியார்.

செம்மேட்டிலிருந்து பஸ்ஸில் இறங்கி, சேந்தமங்கலம், நாமக்கல் வழியாகத் தொட்டியம், முசிறி என்று காவிரியின் வடகரையோடு திருச்சிராப்பள்ளி போய்ச் சேர்ந்தேன். பழைய சேலம் ஜில்லாவிலிருந்தும், திருச்சி, தஞ்சை, வட ஆற்காடு ஜில்லாக்களிலிருந்தும் மலாயாத் தோட்டங்களுக்கு ஆள் திரட்டிய கங்காணிகள் தம் கூட்டத்தை ரயிலேற்றியது இப்படிப்பட்ட பாதைகளில் வந்துதான். தோட்டத்தில் வேலை பார்க்கும் கங்காணி, துரையிடம் அனுமதிச் சீட்டும் முன்பணமும் பெற்றுக்கொண்டு தன் சொந்த ஊருக்கு வருவான்; நல்ல வேஷ்டியும் கடிகாரச் சங்கிலியுமாக ஊர்ச் சாவடியில் உட்காருவான்; மழை பொய்த்த வருஷமாக இருந்தால் அவன் வெகுநேரம் பேச வேண்டிய அவசியமே இராது. 1908 முதற்கொண்டு தோட்ட முதலாளிகளிடம் வரி வசூலித்துத் திரட்டிய நிதியிலிருந்து கூலிகளின் கப்பல் கட்டணம் கொடுக்கப்பட்டது. ஆகவே, டிக்கெட்டுக்குப் பணமில்லாதவனையும் கப்பல் கம்பெனி இழந்துவிடவில்லை.

திருச்சியிலிருந்து நாகைக்கு ரயில் மார்க்கமாகச் சென்றேன். தென்னிந்தியாவின் மிகப் பழைய இருப்புப்பாதைகளுள் ஒன்று இது. நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சைக்கு 1861-இலும் திருச்சிக்கு 1862-இலும் ரயில் ஓடத் தொடங்கியது. துறைமுகத்தில் தொடங்கி உள்நாட்டை நோக்கி நீண்ட பாதை அது என்பதைக் கவனிக்க வேண்டும். கப்பலின் வாய்க்கு வேண்டியவற்றை உள்நாட்டிலிருந்து கொண்டுவந்து கொட்டுவதே அதன் முதல் நோக்கம். நெல்லும் பருத்தியும் வந்த அதே தண்டவாளத்தில் பிற்பாடு மனிதரும் வந்தனர்.

நாகையின் கடற்பெருமை அதற்கு வெகு காலம் முந்தியது. ஸ்ரீவிஜயத்து அரசன் ஸ்ரீமாற விஜயோத்துங்கவர்மன் தன் தகப்பன் பெயரால் இங்கே சூடாமணி விகாரம் கட்டியதும், அதற்கு முதலாம் ராஜராஜன் ஆனைமங்கலம் என்னும் ஊரை அளித்ததும் லெய்டன் செப்பேடுகளில் நிலைபெற்றிருக்கின்றன. ராஜராஜன் மகன் ராஜேந்திரன் 1025-ஐ ஒட்டிக் கடாரத்தின்மீது படையெடுத்தான். அந்தக் கடாரம் பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில் இருக்கிறது. படையேறிப் போன பாதையில் ஒன்பது நூற்றாண்டு கழித்துக் கூலிகளாக நம்மவர் போனார்கள் என்று எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது.

நாகையை அடுத்த நாகூரில் இறங்கி ஆண்டவர் தர்காவுக்குப் போனேன். ஐந்து மனோராக்களில் உயர்ந்ததைத் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிங்கர் கட்டுவித்தார். வாசற் கடைகளில் நேர்ச்சைக்காகத் தகடுகள் விற்கிறார்கள். கை, கண், குழந்தை, வீடு என்று வேண்டுதலுக்கு ஏற்ற உருவங்கள் அவற்றில் அழுத்தப்பட்டிருக்கும். கப்பல் உருவம் கேட்டேன். கடைக்காரர் அடியிலிருந்து ஒன்றைத் துழாவி எடுத்துக் கொடுத்தார். விரலால் வளைக்கக்கூடிய மெல்லிய தகடு. பாய்மரமும் புகைபோக்கியும் ஒருங்கே கொண்ட அந்தச் சின்னஞ்சிறு கப்பலுக்குக் கீழே மூன்று அலைகள். கடல் கடக்குமுன் மதபேதமின்றி இங்கே நேர்ந்துகொண்டு போனவர்கள், போன இடங்களிலும் அந்தப் பக்தியை நட்டுவைத்தார்கள். பினாங்கில் சூலியர் தெருவிலும் சிங்கப்பூரில் தெலுக் ஆயரிலும் நாகூர் தர்காக்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே எழுந்துவிட்டன. கப்பல் எங்கெங்கே நின்றது என்பதைக் கம்பெனியின் அட்டவணை இல்லாமலே இந்தத் தர்காக்களைக் கொண்டு சொல்லிவிடலாம்.

நாகைக் கடற்கரை அலைகளை எதிர்கொண்டு திறந்து கிடப்பது. பெரிய கப்பல் எதுவும் கரைக்கு அருகே வர இயலாது. தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். பிரயாணிகள் படகுகளில் போய் ஏறவேண்டும். அப்படி நின்ற கப்பல்களில் தமிழ்நாட்டு ஜனங்களின் வாயில் இன்றளவும் நிற்கும் பெயர் ‘ரஜூலா’. கிளாஸ்கோ நகரில் பார்க்லே கர்ல் என்னும் தளத்தில் 1926-இல் கட்டப்பட்ட இக்கப்பல், சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் ஸ்வெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்ற ஒரே மார்க்கத்தில், போர்க்காலம் நீங்கலாக, ஏறக்குறைய அரை நூற்றாண்டு போய்வந்தது. அதன் மொத்தக் கொள்ளளவு எண்ணாயிரத்து ஐந்நூறு டன்தான். ஆனால், அதில் ஏற்றிச் செல்ல அனுமதிக்கப்பட்ட டெக் பிரயாணிகளின் தொகை ஐயாயிரத்துக்கும் மேல்! டைட்டானிக் இதைப்போல் ஐந்து மடங்குக்கும் பெரியது. ஆயினும் அதில் இடம் இருந்தது சுமார் இரண்டாயிரத்து நானூறு பிரயாணிகளுக்கு. உலகத்தில் வேறு எந்தப் பிரயாணிக் கப்பலும் ரஜூலாவின் அளவுக்குப் பேரை ஏற்ற உரிமை பெற்றதில்லை என்று சொல்லுவதுண்டு. மனிதர் தொகையே பெருமைக்கு அளவாயின், நீலப்பட்டை நாகப்பட்டினத்துக்கு வந்திருக்க வேண்டும்.

அந்த ஐயாயிரம் பேருக்கு அறை கிடையாது, கட்டில் கிடையாது. தளத்தில் பாயை விரித்து, தகரப்பெட்டியை எல்லையாக வைத்து, குடும்பத்துக்கு இவ்வளவு என்று இடம் பிடித்துக்கொள்ள வேண்டும். ஐந்தாறு நாட்கள் அந்தப் பாயே வீடு. சமையல் பண்டாரிகள் பெரிய அண்டாக்களில் ஆக்கிய சோற்றைத் தட்டேந்தி வாங்க வேண்டும். மழை வந்தால் கித்தான் கூரைக்கடியில் நெருங்கவேண்டும். அக்கரை சேர்ந்தபின், முதல் வகுப்பினர் கரையிறங்கி வீடு போக, டெக் பிரயாணிகள் நோய்த்தடுப்பு முகாமில் அடைக்கப்படுவார்கள். பினாங்குக்கு அருகே ஜெரஜாக் தீவில் அந்த முகாம் இருந்தது. அட்லாண்டிக்கைக் கடந்த மூன்றாம் வகுப்புக்காரனுக்கு நியூயார்க்கில் எல்லிஸ் தீவு காத்திருந்தது போலவே இதுவும். 1929 டிசம்பரில் பெரியார் நாகையில் கப்பலேறி மலாயா சென்றபோது, தோட்டத் தொழிலாளரைக் கண்டு சுயமரியாதை பேசினார் என்றால், அவர் பேச்சைக் கேட்டவர்கள் பெரும்பாலும் இந்தத் தளத்தில் பாய் விரித்துப் போனவர்களே.

ரஜூலாவுக்கு ‘ரோனா’ என்று ஓர் உடன்பிறப்பு உண்டு. அதே 1926-இல் கட்டப்பட்டு, அதே மார்க்கத்தில் ஓடியது. இரண்டாம் உலகப்போரில் இரண்டும் துருப்புக் கப்பல்களாயின. 1943 நவம்பர் 26-ஆம் தேதி, அல்ஜீரியாக் கரைக்கு வடக்கே மத்தியதரைக் கடலில் ஜெர்மன் விமானம் ஏவிய குண்டினால் ரோனா மூழ்கியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கப் போர்வீரர்கள் மாண்டனர். அவர்களோடு நூற்றுக்கு மேற்பட்ட மாலுமிகளும் மாண்டனர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் இந்தியர். நாகையிலிருந்து நம் கூலிகளைச் சுமந்த கப்பல் அட்லாண்டிக்குக்கு அப்பால் பிறந்த இளைஞர்களோடு ஜலசமாதி அடைந்த இச்செய்தியை எத்தனை பேர் அறிவார்கள்?

இவ்வளவு ஆதிக்கம் படைத்த கம்பெனியை எதிர்த்து நின்ற ஒரு தமிழரைப் பற்றிச் சொல்லாமல் இந்தச் சரித்திரத்தைச் சொல்ல முடியாது. 1906 அக்டோபரில் வ.உ. சிதம்பரம் பிள்ளை தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தார். மூலதனம் பத்து லட்சம் ரூபாய். இருபத்தைந்து ரூபாய் வீதம் நாற்பதாயிரம் பங்குகள். தலைவர் பாலவநத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர். இந்தியர், இலங்கையர் முதலிய ஆசியாக் கண்டத்தார் மட்டுமே பங்கு வாங்கலாம் என்பது ஏற்பாடு. ‘காலியா’, ‘லாவோ’ என்னும் இரு கப்பல்கள் பிரான்சிலிருந்து வந்து தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓடின. பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியார் கட்டணத்தை மளமளவென்று குறைத்தனர். பிறகு இலவசமாகவே ஏற்றிக்கொண்டு, ஏறியவர்களுக்குக் குடையும் கொடுத்தனர் என்பர். பணபலத்தால் முடியாததைத் துரைத்தனம் முடித்துவைத்தது. 1908 மார்ச்சு 12-இல் பிள்ளையவர்கள் கைது செய்யப்பட்டார், ஜூலையில் தண்டிக்கப்பட்டார், கோயம்புத்தூர்ச் சிறையில் செக்கிழுத்தார். 1911-இல் கம்பெனி கலைந்தது. அவர் கப்பல்களுள் ஒன்று எதிரிக் கம்பெனிக்கே விற்கப்பட்டது. ‘குயின் மேரி’ என்ற அட்லாண்டிக் அரசி தன் முதற் பிரயாணத்தை உலகமே கொண்டாடத் தொடங்கிய 1936-ஆம் ஆண்டிலேயே, நவம்பர் 18-இல், தூத்துக்குடியில் வறுமையோடு அவர் காலமானார்.

ஆகாய விமானம் வந்து கப்பலைக் கொன்றது என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. இதை நான் பாதியளவே ஒப்புக்கொள்வேன். 1958 அக்டோபரில் ஜெட் விமானங்கள் அட்லாண்டிக்கைக் கடக்கத் தொடங்கியது உண்மை. குயின் மேரி 1967-இல் ஓய்வு பெற்றதும் உண்மை. ஆனால், அதற்கு ஒரு தலைமுறைக்கு முன்பே, 1924-இல், அமெரிக்கா குடியேற்றத்துக்குக் கதவைச் சாத்தும் சட்டம் செய்தபோதே கப்பல்களின் அடித்தளங்கள் காலியாகிவிட்டன. கம்பெனிகள் அவசர அவசரமாக அவற்றைச் சுற்றுலாக்காரருக்கு ஏற்றவாறு மாற்றின. நம் பக்கத்திலும் அவ்வாறே. கூலி குறைப்பை எதிர்த்து 1938-இல் இந்திய சர்க்கார் மலாயாவுக்குத் தொழிலாளரை அனுப்புவதைத் தடை செய்தது. போருக்குப் பிறகு, 1953-இல், மலாயாவும் தன் குடிநுழைவுச் சட்டத்தை இறுக்கியது. அதன் பிறகு ரஜூலாவிலும் ‘ஸ்டேட் ஆஃப் மெட்ராஸ்’ கப்பலிலும் போனவர்கள் பெரும்பாலும் ஏற்கனவே போனவர்கள்தாம்: பெண்ணெடுக்க ஊர் வந்து திரும்புகிறவர், தாயின் ஈமக்கடனுக்கு வந்தவர், வேலை ஓய்ந்து நிரந்தரமாகவே வந்துவிட்டவர். ஏழையின் வழியை அடைத்த கையெழுத்தே கப்பலின் ஆயுளையும் குறைத்தது. விமானம் பின்னால் வந்தது. ரஜூலா 1973-இல் இந்தியக் கப்பல் கழகத்துக்கு விற்கப்பட்டு, பெயர் மாறி, அடுத்த ஆண்டே உடைக்கப்பட்டது.

அந்த மார்க்கத்தின் கடைசி அத்தியாயந்தான் என்னை மிகவும் உருக்குகிறது. 1966-இல் பிரான்சின் டன்கர்க் துறையில் ‘பாஸ்டர்’ என்ற பெயரோடு ஒரு கப்பல் கட்டப்பட்டது. மெஸாஜரி மாரித்தீம் என்னும் புகழ்பெற்ற பிரெஞ்சுக் கம்பெனியின் அக்கப்பல், ஐரோப்பாவிலிருந்து தென் அமெரிக்காவின் பியூனஸ் அயர்ஸ் வரையில் அட்லாண்டிக்கைக் கடந்து பிரயாணிகளைக் கொண்டுபோயிற்று. பதினெண்ணாயிரம் டன் அளவுள்ள அழகிய கலம். ஆறு ஆண்டுக்குள் அதற்குப் போதிய ஆட்கள் இல்லாமற்போகவே, இந்தியக் கப்பல் கழகம் அதனை வாங்கி, கீழ்த்தளங்களில் படுக்கை வரிசைகளைப் பொருத்தி, ஆயிரத்துக்கு மேற்பட்டவர் செல்லத் தக்கதாக்கி, சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே விட்டது. அதற்கு இட்ட பெயர் ‘சிதம்பரம்’. காலியா கப்பலைப் பிரான்சில் வாங்கி, அதை இழந்து செக்கிழுத்த மனிதரின் பெயர், அறுபத்தைந்து ஆண்டு கழித்து மற்றொரு பிரெஞ்சுக் கப்பலின் முகப்பில் எழுதப்பட்டது. அட்லாண்டிக் கப்பல்களின் நூல்களில் நம் ஜனங்களைக் காணோமே என்று வருந்திய எனக்கு, அந்தக் கப்பல்களில் ஒன்றே நம் ஜனங்களைத் தேடி வந்து சேர்ந்தது என்பது பெரிய ஆறுதலாக இருந்தது. டெக் வகுப்பு போய், படுக்கை வகுப்பு வந்தது. பாய் விரித்தவனின் பேரன் கட்டிலில் படுத்துப் போனான். வீடியோப் பெட்டியும் கம்பளியும் கோடாலித் தைலமுமாகச் சாமான் கட்டிக்கொண்டு திரும்பினான்.

1985 பிப்ரவரி 12-ஆம் தேதி, சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு வரும் வழியில் நடுக்கடலில் சிதம்பரம் தீப்பற்றியது. முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. மீண்டும் அது பிரயாணிகளை ஏற்றவில்லை. நாகையிலிருந்து மலாயாவுக்குச் சென்ற கடல்வழியும் அத்தோடு அற்றது. இன்று அவ்வழி போகிறவர்கள் திருச்சியில் விமானம் ஏறுகிறார்கள்.

கடற்கரையில் ரஜூலாவின் பெயரையோ சிதம்பரத்தின் பெயரையோ தாங்கிய ஒரு கல்லை நான் காணவில்லை. லிவர்பூலிலும் நியூயார்க்கிலும் காட்சிசாலை வைத்துப் பாதுகாக்கிறார்கள். நம்மிடம் கிழவர்களின் ஞாபகத்திலும் மரப்பெட்டிகளிலும் இருக்கிறது. கப்பல் டிக்கெட்டுகளையும், பாஸ்போர்ட்டுகளையும், அம்மைப்பால் வைத்த சான்றிதழ்களையும் ஊர் ஊராகச் சென்று இப்பொழுதே சேகரிக்காவிட்டால், இன்னும் இருபது ஆண்டில் சேகரிக்க ஒன்றும் இராது. நாகைத் துறைமுகத்தின் பழைய கட்டடங்களில் ஓர் அறை இதற்குப் போதும்.

துறைமுகத்தில் அன்று பிரயாணிகள் வரிசையில் நின்றார்கள். நாகைக்கும் இலங்கைக் காங்கேசன்துறைக்கும் இடையே 2023 அக்டோபர் 14-இல் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் ‘சிவகங்கை’ என்னும் கப்பலோடு மீண்டும் ஆரம்பமான போக்குவரத்து அது. ஏறக்குறைய நான்கு மணி நேரப் பிரயாணம். நூற்றைம்பது பேர் போகலாம். சுங்க அதிகாரிகள் மூட்டைகளை நிறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாழ்ப்பாணத்து மூதாட்டி ஒருவர், தம் சீட்டைக் கண்ணருகே வைத்து எண்ணைப் படிக்க முயன்று, முடியாமல் பக்கத்தில் நின்ற என்னிடம் நீட்டி, “தம்பி, எனக்கு எந்த இடம் எண்டு பார்த்துச் சொல்லுங்கோ” என்றார். பார்த்துச் சொன்னேன். இரண்டு வகுப்புகள் உண்டு. இரண்டிலும் ஆளுக்கு ஓர் இருக்கையும், இருக்கைக்கு ஓர் எண்ணும் உண்டு. டெக் டிக்கெட் என்று ஒன்று கிடையாது.